வடக்குச் சரிவில் கிடைத்த பீங்கான்

எங்கள் ஊர் மேட்டைத் தோண்டி ஆராய்ந்தவர்கள் அதைப் பற்றி எழுதி வைத்திருப்பார்கள். வடக்குச் சரிவில், மேல் மண்ணிலேயே சீனத்துப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன என்று அதில் ஒரு வரி இருக்கக்கூடும். நான் படித்ததில்லை, படிக்கப் போவதுமில்லை. அப்படி ஒரு வரி இருந்தால் அது பொய். அந்தப் பீங்கானை மடியில் செருகிக்கொண்டு போய் அங்கே போட்டவள் நான்.

திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகும் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, கடலைக் கொல்லைகளுக்கு நடுவே கால் மணி நேரம் நடந்தால் எங்கள் ஊர். ஊருக்கும் ஏரிக்கும் இடையில் இருந்தது மேடு. கோட்டைமேடு என்போம். கோட்டை என்றதும் கல்லும் கொத்தளமும் இருக்கும் என்று எண்ணி வந்தவர்கள் ஏமாந்து போவார்கள். சுற்றிலும் கரை மாதிரி மண் அணைப்பு, நடுவே உடைந்த செங்கல், ஓட்டாஞ்சில்லு, ஆவாரஞ்செடி, சப்பாத்திக்கள்ளி, அவ்வளவுதான். எழுநூறு எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு ஊரே இருந்ததாம். நாங்கள் அதையெல்லாம் யோசித்ததே இல்லை. மேட்டு மண் சாம்பல் பூத்த மண், கடலைக்கு நல்லது என்று மட்டும் தெரியும். சித்திரை பிறந்தால் வண்டி வண்டியாக அள்ளிக் கொல்லையில் கொட்டுவார்கள்.

எழுபதுகளின் நடுவில் ஒருநாள் நீல நிறத்தில் ஒரு போர்டு நட்டுவிட்டுப் போனார்கள். பாதுகாக்கப்பட்ட இடம், தோண்டினாலோ சேதப்படுத்தினாலோ தண்டனை என்று வெள்ளை எழுத்து. அதன்பிறகு மண் அள்ளிய இரண்டு பேரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்ச் சாயங்காலம் வரை உட்கார வைத்திருந்தார்கள். அத்தோடு வண்டிகள் நின்றன. ஆனால் மேட்டில் இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. பல் முளைக்காத பிள்ளை இறந்தால் எங்கள் பக்கத்தில் எரிப்பதில்லை. சுடுகாட்டுக்கும் கொண்டு போவதில்லை. மேட்டில் புதைத்துவிடுவார்கள். கல் நடுவது, விளக்கு வைப்பது எதுவும் கிடையாது. பெண்கள் உடன் போகக் கூடாது. போர்டு வந்த பிறகும் இது நின்றுவிடவில்லை. சத்தமில்லாமல் நடந்தது.

எழுபதுகளின் கடைசியில் என் முதல் பிள்ளையும் அங்கே போனான்.

தலைப்பிரசவம் என்று தாய்வீட்டுக்கு வந்திருந்தேன். முப்பத்தெட்டு நாள் இருந்தான். ஒரு நாள் ஜுரம், மறுநாள் காலையில் இல்லை. திருவண்ணாமலை பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த என் கணவர் சேதி கேட்டு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. என் அண்ணன் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார். நான் அறைக்குள் பால் கட்டிய மார்போடு சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தேன். மூன்று மாதம் கழித்து, கணவர் வீட்டுக்குத் திரும்பும் அன்று, பஸ்ஸுக்கு நடக்கும்போது எங்கே என்று கேட்டேன். அண்ணன் நிற்காமல் நடந்தபடியே கையை மட்டும் நீட்டினார். "மேக்கால, அந்த ஒத்தை ஆவாரஞ்செடி தெரியுதில்ல, அதுங்கிட்ட." அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. ஒரு செடி, அதுவும் தூரத்திலிருந்து.

அதற்கப்புறம் எனக்கு எங்கேயும் இருப்புக் கொள்ளாமல் போனது. திருவண்ணாமலைக் கோயிலின் பேகோபுரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. உலை வைத்துவிட்டு வாசலுக்கு வருவேன், வாசலிலிருந்து கொல்லைக்குப் போவேன். "உனக்குக் கால்ல சக்கரமா?" என்பார் மாமியார். அடுத்து ஒரு பெண் பிறந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டும் அதே நடைதான். தாய்வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் கண் முதலில் அந்தச் செடியைத் தேடும். மேட்டின் மேலே ஏறிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று உடம்பெல்லாம் பரபரக்கும். போனதில்லை. பெண்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டால் என்ன சொல்வது?

வேலை தானாகவே வந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதம், மேட்டைத் தோண்டப் போகிறார்கள் என்று அண்ணி சொல்லி அனுப்பினாள். மெட்ராஸிலிருந்து ஒரு ஆபீசர் வந்து மேட்டடியில் கூடாரம் போட்டிருக்கிறாராம். மண் சுமக்க ஆள் எடுக்கிறார்களாம். கிடைக்கிற ஓட்டாஞ்சில்லைக் கழுவி நம்பர் எழுத, எழுத்து நன்றாக இருக்கிற ஒரு பொம்பளை வேண்டுமாம். எனக்குக் கை கால் ஓடவில்லை. தோண்டினால் எங்கே தோண்டுவார்கள்? எதுவரைக்கும் தோண்டுவார்கள்? நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். மறுநாளே முதல் பஸ்ஸில் போய் அந்த வேலையில் சேர்ந்தேன். பொழுது போகவில்லை என்று கணவரிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போய்ட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

ஆபீசர் நல்ல மனிதர். நாற்பது வயது இருக்கும். தலையில் எப்போதும் ஒரு துணித் தொப்பி. மேட்டு வெயிலில் நாங்கள் கருகிக்கொண்டிருந்தால் கவனிக்க மாட்டார், ஒரு பானைக் கழுத்து விரிசல் விட்டால் துடித்துப் போவார். சதுரம் சதுரமாக முளை அடித்து, கயிறு கட்டி, அந்தக் கயிற்றுக்குள் மட்டும் சாண் சாணாகத் தோண்ட வேண்டும். குழிக்குள் ஆண்கள் கொத்துவார்கள், பெண்கள் கூடையில் மண்ணைச் சுமந்து வந்து சலிப்பார்கள். ஓட்டாஞ்சில்லு தனியாக என்னிடம் வரும். நான் டப்பில் போட்டு பிரஷ்ஷால் தேய்த்து, முறத்தில் காயவைத்து, இந்தியன் இங்க்கில் பொடி எழுத்தில் எந்தக் குழி, எத்தனையாவது மட்டம் என்று எழுதுவேன்.

மண் சுமந்தவர்கள் பெரும்பாலும் காலனி ஆட்கள். அவர்களில் ஒரு பெண் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சலிக்கும் இடத்திலிருந்து சில்லை எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் கொட்டுவது அவர் வேலை. ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது முகம் பார்த்திருப்போம். நான் அவரை நீ, வா, போ என்றேன். அவர் என்னை நீங்க, வாங்க என்றார். இப்போது எழுதும்போது அவர் என்று எழுதுகிறேன். காலம் கடந்த மரியாதைதான், இருந்தாலும் வேறு மாதிரி எழுதக் கை வரவில்லை.

முதல் ஒரு மாதம் தெற்கிலும் நடுவிலும் தோண்டினார்கள். கூரை ஓடு, செங்கல் சுவரின் அடித்தடம், சுடுமண் குழாய், ஒருநாள் இளம்பச்சை நிறத்தில் வழவழவென்று பீங்கான் துண்டுகள். ஆபீசர் அதைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தைபோல் சிரித்தார். "சீனாவுலேர்ந்து கப்பல்ல வந்ததும்மா. இந்தக் குக்கிராமத்துக்கு!" என்றார். குக்கிராமம் என்றதில் எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் இன்னும் மேற்குப் பக்கம் திரும்பாமலிருக்கும்வரை அவர் என்ன சொன்னாலும் பொறுத்துக்கொள்வதாக இருந்தேன். தினமும் பஸ் ஏறும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். மேட்டுக்கு வந்து, முளைகள் நேற்று இருந்த இடத்திலேயே இருப்பதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வரும். ஒத்தை ஆவாரஞ்செடி இப்போது முப்பது அடி தூரத்தில் இருந்தது. அதன் அருகில் நான் ஒருமுறைகூடப் போகவில்லை. போனால் விழுந்து அழுதுவிடுவேன் என்ற பயம்.

மாசி கடைசியில் ஒருநாள் கோடை மழை கொட்டியது. மறுநாள் மேற்குச் சரிவில் மண் கரைந்து ஒரு வரிசைச் செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. ஆபீசர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "திங்கக்கெழம இங்க கயிறு கட்டிரலாம்" என்றார். செங்கல் வரிசை நேராக அந்தச் செடியைப் பார்த்துத்தான் போனது.

அன்று முழுக்க எழுதிய நம்பரெல்லாம் தப்பு. தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் காலனிப் பெண்கள் கூடிக் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. "இன்னா அங்க கூட்டம்? வேலையப் பாருங்க" என்று அதட்டினேன். கலைந்து போனார்கள்.

சாயங்காலம் அண்ணனிடம் ஓடினேன். ஆபீசரிடம் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றேன். அண்ணன் கடலைக்கு மருந்தடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"வாயத் தொறக்காத. போர்டு நட்டப்புறம் தோண்டியிருக்கோம். தெரிஞ்சா யார உள்ள வெப்பான்? என்னத்தான்."

"நல்லவராத்தான் தெரியறாரு."

"ஜீப்பு ஏத்திக்கினு போனவனும் நல்லவனாத்தான் இருந்தான். சும்மா இரு."

சும்மா இரு என்று சொல்வது எவ்வளவு சுலபம்! நான் சும்மா இருக்கக்கூடிய பிறவியா? ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டுக்கும் கோயில் வாசலுக்குமாக நடந்தேன். பெண்ணைக் குளிப்பாட்டும்போது என்னவோ ஞாபகத்தில் கையை அழுத்தி அவளை அழவைத்தேன். என் பிள்ளையின் எலும்பு என் டப்பில் வந்து விழும், நான் பிரஷ்ஷால் தேய்ப்பேன் என்ற நினைப்பு என்னைவிட்டுப் போகவேயில்லை. அன்று மதியம்தான் அந்த யோசனை வந்தது. ஆபீசருக்கு எது வேண்டும்? பீங்கான் வேண்டும். பீங்கான் எங்கே இருக்கிறதோ அங்கே அவர் ஓடுவார்.

திங்கட்கிழமை காலை, சனிக்கிழமை வந்த முறத்தில் இன்னும் நம்பர் எழுதாத பச்சைத் துண்டுகள் ஐந்து இருந்தன. மடியில் செருகிக்கொண்டேன். மேற்குக்கு எதிர்ப்பக்கம் கிழக்கு, ஆனால் அங்கே போர்டும் பாதையும் ஆள் நடமாட்டமும். வடக்குச் சரிவில் சப்பாத்திக்கள்ளியும் கல்லும்தான். ஒன்றுக்குப் போகிறவள் மாதிரி அந்தப் பக்கம் நடந்தேன். மழையில் ஊறிய மண்ணில் ஐந்தையும் கால் கட்டை விரலால் அழுத்திப் பாதி புதைத்தேன். திரும்பி வந்து, "சார், வடக்கால ஏதோ பச்சையா மின்னுது" என்றேன். என் குரல் நடுங்கக்கூட இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆச்சரியமாக இருக்கிறது.

அவர் ஓட்டமாக ஓடினார். மேற்குச் சரிவுக்கு என்று எடுத்து வைத்த முளைகள் வடக்கில் இறங்கின. நான் டப்பின் முன்னால் உட்கார்ந்து, பல வருஷங்களுக்குப் பிறகு முதல் தடவையாக ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தேன். ஜெயித்துவிட்டேன் என்று இருந்தது. அவ்வளவு சந்தோஷம்.

இரண்டு நாள் வடக்கில் ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் பகல் பதினோரு மணிக்கு என் டப்பில் கொட்டிய சில்லோடு இரண்டு கறுப்புக் கண்ணாடி வளையல்கள் வந்தன. என் இரண்டு விரல் நுழையாத அளவு. பிரஷ்ஷால் ஒரு தேய்ப்புத்தான், பளபளவென்று வந்துவிட்டது. ஒன்றரை மாதத்தில் எனக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருந்தது. பழங்காலத்துக் கண்ணாடி மீன் செதில் மாதிரி உரியும். இது கடைக் கண்ணாடி. பூச்சந்தை பக்கம் தள்ளுவண்டியில் கைக்குழந்தைக்கு என்று விற்கிறார்களே, அதேதான். என் பெண்ணுக்கும் வாங்கிப் போட்டிருக்கிறேன்.

எழுந்து ஓடினேன். குழியில் கொத்து நின்றிருந்தது. ஆண்கள் தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். சுள்ளி மாதிரி எலும்பு நாலைந்து மண்ணில் தெரிந்தது. எனக்குச் சில்லு கொண்டுவந்து கொட்டுகிற அவர் குழியின் விளிம்பில் கூடையைக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அழவில்லை. ஆபீசர் யாரைக் கேட்பது என்று தெரியாமல் எல்லோர் முகத்தையும் பார்த்தார்.

"இது எங்க புள்ளைங்க அய்யா" என்றார் அவர். "ஊருப் புள்ளைங்கள மேக்கால வெப்பாங்க, காலனிப் புள்ளைங்கள இந்தப் பக்கந்தான். என்னுதே ரெண்டு இருக்குது. கயிறு கட்டுன எடத்துக்கு இன்னும் கீழத்தான்னு நெனச்சிருந்தோம்."

ஆபீசர் தொப்பியைக் கழற்றினார். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா. சொல்லியிருந்தா இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேனே. மேட்டுல எடமா இல்ல?" என்றார். போர்டு நட்ட கையிடமே போய் எப்படிச் சொல்வார்கள்? ஊரே அந்த மனிதரைப் பார்த்துப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தது. அவரோ சொன்னால் கேட்கிற மனிதராக இருந்தார். இதைவிடக் கொடுமை எனக்குத் தெரியாது. மேற்கே, வடக்கே இனி கொத்து விழாது, கிடந்த மாதிரியே மூடிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கூடாரத்துக்குள் போய்விட்டார். என் டப்பில் கிடந்த வளையல்களை ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போனார். காலனி ஆண்களே கையால் மண் தள்ளி மூடினார்கள். என் அண்ணன் கொல்லை வரப்பில் நின்று பார்த்துவிட்டு, கிட்டே வராமல் போய்விட்டார்.

மூன்று மணிக்கு, எனக்குச் சில்லு கொண்டுவருகிறவர் கை கழுவ என் தண்ணீர் டிரம்முக்கு வந்தார். நான் மொண்டு ஊற்றினேன். கையெல்லாம் சாம்பல் மண்.

"வளையலு எங்க ஓரகத்தி புள்ளையுதா, என்னுதான்னு தெரியல" என்றார். பிறகு, என்னைத் தேற்றுகிறவர் மாதிரி, "உங்க புள்ளைக்கு ஒண்ணும் ஆவலம்மா. கவலப்படாதீங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எம் புள்ள அங்க இருக்குதுன்னு உனக்கு யாரு சொன்னாங்க?"

"குழி வெட்டுனதே எங்க ஊட்டுக்காரருதானேம்மா. உங்க அண்ணன் சொல்லலியா? செடிய விட்டு நாலு அடி தள்ளி, தலமாட்டுல ஒரு கல்லு உள்ளாற வெச்சாராம், நரி பறிக்கக் கூடாதுன்னு." கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கு அய்யா மேக்கால கயிறு கட்டணும்னாரு பாருங்க, அப்பவே நாங்க பேசி வெச்சிட்டோம். அந்தப் பக்கம் தோண்டச் சொன்னா ஒருத்தரும் கூடையத் தொடக் கூடாது, ஜெயில்ல போட்டாலும் சரின்னு. பாவம், அந்தப் பொண்ணு தெனம் வந்து பாத்துக்கினு உக்காந்திருக்குதேன்னு."

கையிலிருந்த சொம்பு டிரம்முக்குள் விழுந்துவிட்டது. எதையும் யோசிக்காமல் சொன்னேன். பீங்கானைப் போட்டது நான். ஆபீசர் மேற்கே வரக் கூடாது என்று போட்டேன். வடக்கே தள்ளிவிட்டது நான்.

கத்துவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்தேன். அப்படிச் செய்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவர் பச்சைத் துண்டுகளைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. என் முகத்தை, ஒன்றரை மாதமாகப் பார்த்த முகத்தை, புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"வடக்கால எங்க புள்ளைங்க இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"இதே ஊர்ல பொறந்து வளந்தீங்களேம்மா. மெய்யாலுமே தெரியாதா?"

தெரியாது என்று மறுபடியும் சொன்னேன். சத்தியமாகத் தெரியாது. அதைக் கேட்ட பிறகுதான் அவர் அழுதார்.